நின்று பார்த்தவர்

ரொறன்ரோவில் தமிழனுடைய கார் பனியில் புதைந்தால் அவனுக்குக் கதவைத் திறந்து இறங்கக்கூட நேரம் கிடைக்காது. அதற்குள் பின்னால் நாலு பேர் கை வைத்திருப்பார்கள். பால் வாங்கப் போனவர், பஸ்ஸுக்கு நின்றவர், காணிச் சண்டையில் பேச்சை நிறுத்திய சொந்தக்காரர், எல்லோரும் தள்ளுவார்கள். ஒருவர் முன்னால் நின்று 'றிவேர்ஸில போடு' என்று கத்துவார். இன்னொருவர் 'ரயரை நேரா வை' என்று கத்துவார். கார் இன்னும் ஆழமாகப் புதையும். அது வேறு விடயம். தள்ளாமல் நின்றான் என்ற பெயர் மட்டும் ஒருவனுக்கும் வந்துவிடக் கூடாது.

அவருக்கு அந்தப் பெயர் வந்திருந்தது. டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த கட்டடத்தில் அவரை எல்லோரும் லைற்போஸ்ற், அதாவது விளக்குக் கம்பம், என்றுதான் சொல்வார்கள். அவர் இல்லாத இடத்தில் லைற்போஸ்ற், இருக்கும் இடத்தில் அண்ணை. பனியில் கார் புதைந்தால் அவர் ஜக்கெற் பொக்கற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிற்பார். பார்ப்பார். அவ்வளவுதான். யாராவது முறைத்தால், "நில்லுங்கோ, பாப்பம்," என்பார். எதைப் பார்ப்பது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எங்களுக்கு நேரெதிர்க் கதவு அவருடையது. தனி ஆள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நெடுவல். கார்களுக்குப் பிளாஸ்ரிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு கணம் நின்று அறை முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். கதைக்கும்போது கண்ணை எடுக்க மாட்டார். நாங்கள் நடந்தால் அவருடைய கண்ணும் எங்களோடு நடக்கும். குசினிக்குள் போனால் குசினிக் கதவில் வந்து நிற்கும்.

"உவர் ஆக்களைப் பாக்கிறாரோ, அளவெடுக்கிறாரோ?" என்று என் மனைவி கேட்பாள்.

எங்களுடைய முதலாவது சோபா வந்த நாள் நல்ல ஞாபகம். எலிவேற்றருக்குள் அது போகவில்லை. படியால் ஏற்றினோம். நான், என் மனைவியின் தம்பி ரவி, இன்னும் நாலைந்து பேர். ரவியைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் ஓடுகிறவன் அவன். விமான நிலையத்தில் ஆள் எடுக்க ஓடுவான். வீடு மாற ஓடுவான். செத்த வீட்டுக்குப் பிரேதம் வருமுன் போய் நிற்பான். தங்கமான பிள்ளை. ஆனால் என்ன நடந்தது என்று போய்ச் சேர்ந்த பிறகுதான் கேட்பான்.

சோபா படியின் வளைவில் இறுகிவிட்டது. நாங்கள் மூச்சுமுட்டத் தள்ளினோம். அவர் கீழ்ப்படியில் நின்று பார்த்தார்.

"அண்ணை, ஒரு கை குடுங்கோவன்!" என்று ரவி கத்தினான்.

"கை கூடிப்போச்சு, தம்பி," என்றார். பிறகு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மேலை நிக்கிறவை இழுக்கிறியளோ, தள்ளுறியளோ?" என்றார்.

மேலே நின்றது நான். தள்ளிக்கொண்டிருந்தேன். கீழே நின்றவர்களும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு சோபா சுகமாக வந்துவிட்டது. அவருக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. ஒரு வேலையும் செய்யாத மனிதனுக்கு என்னவென்று நன்றி சொல்வது?

நாங்கள் எல்லோரும் ரொறன்ரோவில் வந்து இறங்கி, ஆளுக்காள் முண்டியடித்துக்கொண்டு ஒரே கட்டடத்துக்குள் அடைந்தவர்கள். அவர் நாட்டின் மற்றக் கரையில் இறங்கியவர். அங்கே யாரோ பாதிரியார் மூலமாகப் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்குள் ஒரு விடுதியில் கோப்பை கழுவும் வேலை கிடைத்திருந்தது. மலையில் ஸ்நோமொபைல் ஓட வருகிறவர்கள் தங்கும் விடுதி அது. பனியில் ஓடும் அந்த வண்டிக்கு முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை, பின்னால் பல்லுவைத்த றப்பர்ப் பட்டி, நடுவில் மோட்டார் சைக்கிள் போல ஒரு சீற். காலையில் கோப்பைகளைக் கழுவி முடித்தால் பகலெல்லாம் சும்மா. சும்மா இருந்த நேரத்தில் அவர் அந்த மெசினில் மலை ஏறப் பழகினார்.

மற்ற விடயங்களில் கதை குறைவு. மலையேற்றம் என்றால் மட்டும் அவருக்கு வாய் திறக்கும். எங்கள் பல்கனியில் நின்று நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு சொல்லுவார். வெறும் வெள்ளைச் சரிவு ஒன்று, வீட்டுக் கூரையிலும் பார்க்கச் செங்குத்தாக நிற்கும். ஒவ்வொருவராகக் கீழேயிருந்து முழு வேகத்தில் மேலே விட வேண்டும். யாருடைய தடம் மற்ற எல்லாத் தடத்துக்கும் மேலே போய் வளைந்து திரும்புகிறதோ அவன் வென்றவன். பரிசு ஒன்றும் கிடையாது. அடுத்த பனி கொட்டும் வரை அந்தத் தடம் அங்கே கிடக்கும். அதுதான் பரிசு.

"எல்லாரும் ஏறுறதைப் பற்றித்தான் கதைப்பினம்," என்பார். "ஏறுறது மெசின். திரும்புறது ஆள்."

ரவிக்கு இந்தக் கதைகள் போதுமாக இருந்தன. யாரிடமோ ஒரு பழைய ஸ்நோமொபைலை வாங்கி, நகரத்துக்கு வடக்கே ஒரு சோளக் காணியில் இரண்டு மாரி ஓடினான். ரொறன்ரோவைச் சுற்றி மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. குப்பையைக் கொட்டி மண் போட்டு மூடிய மேடுகள்தான் உண்டு. அவற்றில் ஏறி இறங்கிவிட்டு, தனக்கு எல்லாம் வந்துவிட்டது என்று அறிவித்தான். அண்ணை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். எனக்கு அதில் ஒரு விருப்பமும் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். போகாமல் விட்டால் ரவி தனியாகப் போய்விடுவான் என்று மனைவி பயந்தாள். அவனைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினாள்.

பங்குனி மாதம் போனோம். விமானத்தில் மீன் பணிஸ் மணத்ததையும் பக்கத்து சீற் வெள்ளைக்காரி காற்றுத் துவாரத்தைத் தன் பக்கம் திருப்பியதையும் விரிவாகச் சொல்லப்போவதில்லை. விடுதி முதலாளி, தன்னிடம் முந்திக் கோப்பை கழுவியவர் வந்திருக்கிறார் என்று அண்ணையைக் கட்டிப்பிடித்து மூன்று மெசின்களைத் தந்தார். அண்ணை ஆளுக்கொரு பெட்டியை எங்கள் நெஞ்சோடு வாரால் கட்டினார். பனிக்குள் புதைந்தால் அந்தப் பெட்டி விடாமல் சத்தம் அனுப்புமாம். மற்றவர்களுடைய பெட்டியில் அது கேட்குமாம். கிட்டக் கிட்ட வரச் சத்தம் கூடுமாம். பெட்டிக்கு மேலால் ரவிக்கு ஜக்கெற் பூட்டுப்படவில்லை. பெட்டியை வடைப் பைக்குள் வைக்கட்டுமா என்று கேட்டான்.

"வடையைத் தேடி நாங்கள் கிண்டேலாது," என்று சொல்லி அவர் வாரை இன்னும் ஒரு துளை இறுக்கினார்.

சரிவின் அடியில் நல்ல வெயில். காற்றும் இல்லை. சுற்றுலாவுக்கென்றே செய்த இடம் என்று ரவி பிளாஸ்ரிக் விரிப்பை விரித்து மீன் பணிஸ், கடலை வடை, தேத்தண்ணிப் போத்தல் எல்லாவற்றையும் பரப்பினான். அவர் வந்தார். நின்றார். மேலே பார்த்தார். விரிப்பின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து, சாப்பாட்டோடு தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு எதிர்ப் பக்க மேட்டுக்கு, மரங்களுக்குக் கிட்டவாக நடந்தார். அங்கே குளிர்காற்று அடித்தது. தேத்தண்ணி பணிசுக்குள் ஊறியிருந்தது. சரிவிலிருந்து ஏதாவது வந்தால் அந்த நல்ல வெயில் இடத்தில்தான் வந்து படுக்கும் என்று அப்போதுதான் சொன்னார்.

சட்டத்தையும் அங்கேதான் சொன்னார். "ஒருத்தர் ஏறேக்கை மற்றாக்கள் இஞ்சை நிக்கவேணும். கண்ணெடுக்காமல் பாக்கவேணும்."

"ஏறினவர் மாட்டுப்பட்டா?" என்றான் ரவி.

"மாட்டுப்பட்டாலும் நிக்கவேணும். ஆரும் மேலை போகக்கூடாது."

"அதென்னண்ணை நியாயம்? ஒருத்தன் மாட்டுப்பட்டு நிக்க, மற்றவன் வடை சாப்பிட்டுக்கொண்டு பாக்கிறதோ?"

"வடை சாப்பிடக்கூடாது. கண் விலகும்."

ரவி முதலில் ஏறினான். பாதியிலே திரும்பினான். பிறகு நான். விருப்பமில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவன் நான். உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு என்னை அந்த மெசினிலிருந்து யாராலும் இறக்கியிருக்க முடியாது. வலது கட்டைவிரலால் விசையை அமத்தியதும் நிலம் நிமிர்ந்து முகத்துக்கு நேரே வந்துவிட்டது. உட்கார முடியாது. எழும்பி நின்று நெஞ்சைக் கைபிடிக்கு மேலே சாய்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மெசின் மல்லாந்து நம்மேலேயே விழும். பின்னால் பனி தூளாகப் பறக்கிறது. முன்னால் வானம் மட்டும் தெரிகிறது. காதுக்குள் எஞ்சின், நெஞ்சுக்குள் எஞ்சின். பிறகு ஒரு இடத்தில் அந்தச் சத்தம் கொஞ்சம் தடிக்கும். மெசின் மூச்சு வாங்கும். அந்த நொடியில் திருப்ப வேண்டும். திருப்பினேன். கீழே பறந்து வந்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்ததில்லை. என் தடம் ரவியின் தடத்துக்கு மேலே கிடந்தது.

இன்னொரு முறை போனேன். அதற்கும் மேலே. பிறகு இன்னொரு முறை. அந்த முறை சத்தம் தடித்தது எனக்குக் கேட்டது. இன்னும் கொஞ்சம் போகும் என்று நினைத்தேன். மெசின் அப்படி நினைக்கவில்லை. பட்டி பனியைத் தோண்டிக்கொண்டு இறங்கி, சீற் வரை புதைந்து நின்றது.

நான் இடுப்பளவு பனியில் இறங்கி நின்று கையைக் காட்டினேன். நம்முடைய ஆட்கள் கீழே நிற்கிறார்கள், வருவார்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஒருவரும் வரவில்லை. இரண்டு கையையும் ஆட்டினேன். கத்தினேன். மரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன உருவங்கள் தெரிந்தன. அதில் ஒன்று மற்றதை அடித்துக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் இவர்களுக்கு என்ன சண்டை என்று யோசித்தேன்.

நடந்ததை ரவி பிறகு சொன்னான். நான் புதைந்ததும் அவன் ஓடிப்போய்த் தன் மெசினில் ஏறியிருக்கிறான். அவர் அதன் நிறுத்துக் கயிற்றைப் பிடுங்கிப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டார். அந்தக் கயிறு இல்லாமல் எஞ்சின் எடுக்காது.

"கயித்தைத் தாங்கோ அண்ணை. அத்தான் மாட்டுப்பட்டுப் போனார்!"

"தெரியும். பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்."

"நீங்கள் நிண்டு பாருங்கோ, நான் போறன். கயித்தைத் தாங்கோ!"

அவர் கொடுக்கவில்லை. ரவி அவரைத் தள்ளினான். பிறகு அடித்தான். முகத்திலேயே அடித்தான். சொண்டு வெடித்து இரத்தம் வந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. கையால் தடுக்கக்கூட இல்லை. தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்து, ரவியின் தோளுக்கு மேலால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாராம். ஒரு கையை மட்டும் நீட்டி, சரிவின் ஓரத்து மரங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். மெசினை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போ என்று அர்த்தம். எனக்கும் அது விளங்கியது. ஆனால் முதலாளி நம்பித் தந்த பொருளை நடுமலையில் எப்படி விட்டுவிட்டுப் போவது? நான் முதுகைக் காட்டிக் குனிந்து, கையால் பனியைத் தோண்டத் தொடங்கினேன்.

எனக்கு மேலே ஏதோ முறிந்தது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. கதவு ஒன்றை அமத்திச் சாத்துவதுபோல ஒரு சத்தம். நிமிர்ந்தேன். மேலே சரிவில் ஒரு கோடு ஓடியது. பிறகு நான் நின்ற நிலம் நடக்கத் தொடங்கியது.

உள்ளே எது மேல், எது கீழ் என்று தெரியாது. உருளும்போது தண்ணீர் மாதிரி இருந்த பனி, நின்றதும் சீமெந்தாகி விட்டது. ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. முகத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடி அளவு இடம் இருந்தது. அதற்குள்தான் மூச்சு. பயந்தேன். அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. மனைவியை நினைத்தேன். ரவியும் என்னைப்போல எங்கேயோ பக்கத்தில் புதைந்து கிடக்கிறான் என்று நினைத்தேன். அவன் ஓடி வந்திருப்பான், வராமல் இருக்க மாட்டான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியென்றால் எங்களைத் தோண்ட வெளியே ஒரே ஒருவர்தான் மிச்சம். அந்த ஒருவரும் லைற்போஸ்ற்.

பனி ஓடி முடிந்த பிறகும் அவர் கொஞ்சம் நின்றாராம். மேலே இன்னும் ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்தாராம். பிறகு, "வாரும்!" என்று கத்திக்கொண்டு ஓடினாராம். அவர் ஓடி ரவி அன்றைக்குத்தான் பார்த்தான். அங்கே இங்கே தேடவில்லை. நான் கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து நேர்கோடு பிடித்துக் கீழே வந்து, பெட்டியைக் காதுக்குக் கிட்டப் பிடித்து, கொண்டுவந்திருந்த நீளக் கம்பியால் பனியைக் குத்தி, "இதிலை கிண்டு," என்றாராம். இரண்டு பேருமாகக் கிண்டினார்கள். ரவி அழுதுகொண்டு கிண்டினான். வெளிச்சம் வந்ததும் நான் முதலில் கண்டது அவருடைய முகத்தை. சொண்டு வீங்கி, இரத்தம் ஒழுகி என் முகத்தில் சொட்டியது.

"மெசினை விட்டிட்டு வரச் சொன்னனான் எல்லே," என்றார்.

பிறகு பொக்கற்றிலிருந்து கயிற்றை எடுத்து ரவியிடம் கொடுத்தார். இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பவர்போல, "தாங்ஸ்," என்றும் சொன்னார்.

ரொறன்ரோவுக்கு வந்ததும் கதை எங்களுக்கு முன்னால் எலிவேற்றரில் ஏறிவிட்டது. முதல் கிழமை ரவி நடந்ததை நடந்தபடி சொன்னான். கட்டடம் அதைத் தனக்கு வசதியாகச் சுருக்கிக்கொண்டது. உவனை மலை விழுங்கேக்கை லைற்போஸ்ற் பாத்துக்கொண்டு நிண்டவராம். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதுதான் கரைச்சல்.

என் மனைவிக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. என்னைத் தோண்டி எடுத்தவர் என்று நான் எத்தனை முறை சொன்னாலும், முதலில் நின்றாரா இல்லையா என்றுதான் கேட்டாள். நின்றார். அப்படியென்றால் பேச்சில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் எங்களுடைய வெறும் சாப்பாட்டுப் பையைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்து வாசலில் நின்றார். அவள் உள்ளே வரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தாள். கொடுத்துவிட்டு முன்னால் நின்றாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். என்ரை மனிசன் மேலை நிண்டு கை காட்டேக்கை உங்களாலை என்னெண்டு பாத்துக்கொண்டு நிக்க ஏலுமாயிருந்தது?"

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். சொண்டில் காயம் இன்னும் ஆறவில்லை.

"நான் முதல் ஒருக்காப் போனனான், தங்கச்சி," என்றார்.

விடுதியில் அவரோடு கோப்பை கழுவிய பொடியன் ஒருவன். கியூபெக் பக்கத்தவன். அவருக்கு மெசின் ஓடப் பழக்கியதே அவன்தான். இதே மாதிரி ஒரு சரிவில் மாட்டுப்பட்டு, மேலே நின்று கை காட்டினான். அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. முழு வேகத்தில் ஏறி அவனுக்கு மேலால் போய் மெசினைத் திருப்பினார். அந்தப் பாரத்தில் சரிவு விட்டது. பனி அவரைத் தன் மேலே ஏற்றிக் கொண்டுவந்து அடியில் இறக்கிவிட்டது. அவனை உள்ளே வைத்துக்கொண்டது. அந்த நாளில் அவர்களிடம் பெட்டியும் இல்லை.

"எங்கை துலைஞ்சவன் எண்டு எல்லாரும் கேட்டவை," என்றார். "எனக்குச் சொல்லத் தெரியேல்லை. நான் அவனைப் பாக்கேல்லை, தங்கச்சி. திருப்பேக்கை என்ரை மெசினைப் பாத்துக்கொண்டிருந்திட்டன்."

என் மனைவி மேசைக்குக் கிட்ட வந்தாள். அவருடைய கோப்பையை எடுத்துக்கொண்டுபோய், ஆறிய தேத்தண்ணியை ஊற்றிவிட்டு, புதிதாக ஊற்றிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவரை லைற்போஸ்ற் என்று சொல்லவில்லை. ரவி மட்டும் ஒருமுறை வாய்தவறிச் சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டினான்.

பிறகு நாங்கள் மல்வேர்னுக்கு வீடு மாறினோம். அவருடைய தொழிற்சாலை மூடப்பட்டது. ஆள் மேற்கே எங்கேயோ போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தேடிப் பார்க்கத் தொடங்கி இரண்டு மூன்று முறை விட்டிருக்கிறேன்.

கடைசியாகக் கண்டது ஒரு தை மாதம், தமிழ்க் கடைகள் உள்ள ஒரு பிளாசாவின் கார் நிறுத்துமிடத்தில். பொங்கலுக்குச் சாமான் வாங்க வந்த கூட்டம். யாரோ ஒருவருடைய வான் பனியில் புதைந்து சில்லுச் சுற்றிக்கொண்டிருந்தது. வழக்கம்போல ஊரே பின்னால் நின்று தள்ளியது. ரவி நடுவில் நின்று மூன்று பேருக்கு மூன்று விதமாகக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி, பொக்கற்றுக்குள் கையோடு அவர் நின்றார். நான் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். நானும் என் கைகளைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டேன். எனக்கு அது பெரிய மரியாதை செய்வதுபோல இருந்தது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பார்த்தோம்.

"நீர் ஏன் இதிலை நிக்கிறீர்?" என்றார்.

"நிண்டு பாப்பம் எண்டுதான், அண்ணை."

"இது கார் பார்க். இஞ்சை என்னத்தைப் பாக்கப் போறீர்? போய்த் தள்ளும்."

"நீங்கள் வரேல்லையோ?"

"நான் நிக்கிறன்."

போனேன். கூட்டத்துக்குள் தோளை நுழைத்து எல்லோரோடும் சேர்ந்து தள்ளினேன். வான் ஒருமுறை பின்னால் வந்து, ஒருமுறை உறுமி, முன்னால் பாய்ந்து போனது. எல்லோரும் கை தட்டினார்கள். எல்லோருடைய முகமும் வான் போன பக்கம் திரும்பியிருந்தது. நான் மட்டும் அவர் நின்ற பக்கம் திரும்பினேன். கண்ணெடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.